செடிகளுக்குப் பாட்டு விட்டவள்

ரேடியோ என்கிற பெயரை அவளுக்கு யாரும் உட்கார்ந்து யோசித்து வைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் தண்ணீர்க் குழாயில் சிக்கு விழுந்துவிட்டது. அவள் அந்தக் குழாயை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்த டிரைவர், உள்ளே யாரோ ரேடியோவை இவ்வளவு சத்தமாக வைத்திருக்கிறார்களே, கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் என்று முதலாளியிடம் சொன்னார். குறைக்கிற திருகு அந்த ரேடியோவில் கிடையாது என்றார் முதலாளி. அன்றிலிருந்து அவள் ரேடியோதான். அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை. பூனை, புறா என்று ஏதாவது வைத்திருந்தால்தான் சண்டைக்குப் போயிருப்பாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய கண்ணாடிக் கூடத்தில். அலுவலகங்களுக்குச் செடிகளை வாடகைக்கு விடுகிற தொழில் அது. இங்கிருந்து போகும்போது ஒவ்வொரு செடியும் இலை துடைத்து, தொட்டி கழுவி, பார்க்கிறவர் கண் படும்படி போகும். சில மாதம் கழித்துத் திரும்பி வரும்போது அதே செடிதானா என்று சந்தேகமாக இருக்கும். வெயில் படாத மூலையில் நின்று வெளுத்துப் போயிருக்கும். ஏசிக் காற்றில் ஓரம் கருகியிருக்கும். தொட்டி மண்ணைக் கிளறினால் டீத்தூள் பை, குண்டூசி, பேனா மூடி, மென்று துப்பிய சூயிங்கம், ஒரு தடவை யாரோ ஒரு பெரிய மனிதரின் பல் செட்கூடக் கிடைத்தது. பல் செட்டைத் தேடி யாரும் வரவில்லை. அப்படித் திரும்பி வருகிற செடிகளை வைத்துத் தேற்றுவதற்குக் கூடத்தின் பின்பக்கம் ஒரு நீளமான அறை இருந்தது. அதற்கு ஆஸ்பத்திரி என்று பெயர். ரேடியோதான் அங்கே டாக்டர், நர்ஸ், ஆயா எல்லாம்.

திட்டாமல் அவளுக்குக் கை ஓடாது. அது கோபம் என்று நினைத்தால் தவறு. சிலர் வேலை செய்யும்போது சீட்டி அடிப்பார்கள், அவள் திட்டுவாள், அவ்வளவுதான். உரம் சுமக்கிறவர், வண்டி டிரைவர், கணக்கு எழுதுகிறவர், தபால்காரர் என்று யார் வந்தாலும் ஆளுக்குத் தகுந்த மாதிரி கிடைக்கும். அந்தக் கூடத்தில் இதற்குப் பாட்டு என்று பெயர். காலையில் வந்ததும் "இன்னைக்கு யாருக்குப் பாட்டு?" என்றுதான் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள். "டிரைவருக்குச் செம பாட்டு விழுந்துச்சு" என்று பதில் வரும். வாத்தியம் வைத்துப் பாடுகிறார்களே, அதை அவர்கள் மியூசிக் என்றுதான் சொல்வார்கள். இந்த வித்தியாசத்தை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியும், வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியாது.

அவள் பாட்டை அதிகம் கேட்டவர் அவள் கணவர்தான். அவருக்குத் தராசு ரிப்பேர் தொழில். கடைகளிலும் கிடங்குகளிலும் மூட்டை போடுகிற மேடைத் தராசுகளைச் சரிபார்த்துத் திருகி வைப்பார். ஊரில் அவரைத் தராசுக்காரர் என்பார்கள். நிதானமான மனிதர். அவள் பொரிந்து தள்ளும்போது அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து, மற்றவர்கள் டிவி பார்த்துக்கொண்டு சாப்பிடுவதுபோல, அதைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவார். நடுவில் அவள் மூச்சு வாங்க நிறுத்தினால் நிமிர்ந்து பார்ப்பார். "அப்புறம்?" என்பார். அதற்குத் தனியாக விழும்.

தொழிலில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. தராசைச் சரிபார்க்க முத்திரை போட்ட இரும்புப் படிக்கற்கள் வேண்டும். அவற்றைச் சைக்கிளில் கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றினால் முதுகு என்னத்துக்கு ஆகும்? அவர் யோசித்தார். கல்யாணம் ஆனதிலிருந்து தன் எடை ஒரு பிடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று அவருக்குத் தெரியும். படிக்கற்களை வீட்டில் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, போகிற இடத்தில் தானே செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசின்மேல் ஏறி நின்றுவிடுவார். முள் அவருடைய எடையைக் காட்டினால் தராசு சரி. காட்டாவிட்டால் காட்டும்வரை திருகுவார். ஊரிலுள்ள அத்தனை தராசும் அவர் உடம்பை நம்பித்தான் எடை போட்டுக்கொண்டிருந்தன. யாரும் குறை சொன்னதில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தக் காபி வரும்வரை. பெரிய அலுவலகம் ஒன்றின் மேல்மாடிக்கு ரேடியோ தண்ணீர் ஊற்றப் போயிருந்தாள். அந்த மாடிக்கே தலைவியான அதிகாரியம்மா, போனில் பேசிக்கொண்டே, கோப்பையில் மீந்த ஆறிப்போன காபியை ரப்பர் செடித் தொட்டியில் ஊற்றினார். ரேடியோ பார்த்துவிட்டாள். பார்த்த பிறகு சும்மா இருக்க அவள் என்ன தூணா? உங்கள் வீட்டுக் குழந்தை வாயிலும் இப்படித்தான் எச்சில் காபியை ஊற்றுவீர்களா என்பதில் தொடங்கி, மாடி முழுக்க எழுந்து நின்று கேட்கும் அளவுக்குப் போனது. சாயங்காலத்துக்குள் புகார் வந்துவிட்டது.

முதலாளி சாது. ஆனால் பெரிய வாடிக்கையாளர் போய்விடுவாரோ என்கிற பயம் சாதுவையும் பேச வைக்கும்.

"இதோ பாரு ரேடியோ. நீ நல்ல வேலைக்காரி, நான் இல்லேங்கல. ஆனா இனிமே கஸ்டமர் முன்னாடி ஒரு மனுஷனை நீ திட்டினேன்னா, அது யாரா இருந்தாலும் சரி, அன்னியோட நீ வேலைக்கு வர வேண்டாம். நான் யோசிக்க மாட்டேன்" என்றார்.

அந்தக் கூடத்தைத் தவிர வேறு வேலை அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. விடிந்ததும் அந்த அறைக் கதவைத் திறந்தால் ஈரமும் இலையுமாக ஒரு வாசனை அடிக்குமே, அது இல்லாமல் ஒரு நாளை எப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியாது. வேலை போகக்கூடாது என்று முடிவு செய்தாள். கஸ்டமர் முன்னால் மட்டும் வாயைக் கட்டி, மற்ற இடத்தில் அவிழ்த்து விடுகிற சாமர்த்தியம் தனக்குக் கிடையாது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆகவே மொத்தமாக நிறுத்தினாள். கூடத்திலும் நிறுத்தினாள், வீட்டிலும் நிறுத்தினாள்.

அன்று இரவு சாப்பாட்டின்போது தராசுக்காரர் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டார். தரை முழுக்க ஓடியது. அவர் பழக்கதோஷத்தில் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டார்.

"பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு அவள் துணியை எடுத்துத் துடைத்தாள்.

கல்யாணமானதிலிருந்து அவர் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. கையில் எடுத்த கவளம் கையிலேயே இருந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நல்லாத்தான் இருக்கேங்க என்றாள். யாராவது செத்துப் போய்விட்டார்களா என்று கேட்டார். இல்லைங்க, நீங்க சாப்பிடுங்க என்றாள். அவர் சாப்பிடவில்லை. அந்த 'ங்க' ஒவ்வொன்றும் அவர் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது.

அந்தச் சமயத்தில்தான் கூடத்துக்கு மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். மாப்பிள்ளை என்றால் முதலாளியின் ஒரே மகளைக் கட்டியவர். நிறையப் படித்தவர், அதைவிட நிறையப் போனில் பார்த்தவர். மியூசிக் கேட்டால் செடி நன்றாக வளரும் என்று எங்கோ பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி அறையின் உத்தரத்தில் ஒரு ஸ்பீக்கரைத் தொங்கவிட்டார். காலை முழுக்க வயலினும் புல்லாங்குழலும் ஒழுகிக்கொண்டிருந்தன. ரேடியோ தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. செடிகளோ, வந்த நிலையில் அப்படியே நின்றன. ஒன்றிரண்டு செத்தும் போயின. இலைக்குத் தண்ணீர் தெளிக்கிற பம்பின் சாரல் பட்டுப் பட்டு ஸ்பீக்கருக்கு முதலில் தொண்டை கட்டியது, பிறகு அது கரகரவென்று இருமி நின்றே போனது. புது ஸ்பீக்கர் வாங்க முதலாளி மறுத்துவிட்டார். மாப்பிள்ளை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ரேடியோவிடம் வந்தார்.

"அக்கா, ஸ்பீக்கர் போச்சு. இனிமே உங்களாலதான் ஆகணும். தினமும் காலையில இதுங்களுக்கு நீங்களே ஒரு பாட்டு விடுங்க. மனசுவிட்டு."

ரேடியோ தன் காதையே நம்பாமல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பாட்டா? இதுங்களுக்கா?"

"ஆமா. வெக்கப்படாதீங்க."

"சத்தமாவா?"

"சத்தமாவே."

"எல்லாத்துக்கும் ஒரே மாதிரியா, இல்ல அதது லட்சணத்துக்குத் தகுந்த மாதிரியா?"

மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இவ்வளவு ஞானம் உள்ள ஒரு ஆளை இத்தனை நாள் குழாயும் கையுமாக நிற்க வைத்துவிட்டோமே என்று நினைத்தார். தகுந்த மாதிரி இருந்தால் ரொம்ப நல்லது என்றார்.

அவள் கணக்கு நேரானது. இவ்வளவு நாள் மியூசிக் போட்டுச் செல்லம் கொடுத்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் தேறவில்லை. இனி பாட்டு விட்டால்தான் சரிப்படும் என்று படித்த மனிதருக்கே புத்தி வந்திருக்கிறது. அதுவும் மனுஷனைத்தானே திட்டக்கூடாது? செடியைத் திட்டக்கூடாது என்று யார் சொன்னது? மறுநாள் காலை அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தாள். அறைக் கதவைச் சாத்தினாள். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் செடியின் முன்னால் நின்றாள்.

நெஞ்சுக்குள் அடைத்து வைத்திருந்ததெல்லாம் மடை திறந்தாற்போல வந்தது. வெளிச்சமில்லாத இடத்தில் வைத்தால் ஒரு இலையையாவது உதிர்த்துக் காட்ட வேண்டாமா, ரோஷமில்லாமல் பச்சையாகவே நிற்பதா என்று பனைச்செடிக்கு. யார் எதை ஊற்றினாலும் உறிஞ்சிக்கொள்வதுதான் நல்ல பிள்ளைக்கு லட்சணமா என்று ரப்பர் செடிக்கு. கொடிக்குப் போனபோது அவளுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது, இருந்தாலும் விடவில்லை. கண்ட கண்ட கம்ப்யூட்டர் வயரையெல்லாம் பிடித்துக்கொண்டு ஏறுகிறாயே, உனக்குச் சொந்தமாக ஒரு குச்சி கேட்டு வாங்கத் தெரியாதா என்று அதற்கு விழுந்தது.

செடிக்குக் காது உண்டா இல்லையா என்று ஆராய்கிறவர்கள் ஆராயட்டும், நமக்கென்ன. ஒன்று மட்டும் சொல்லலாம். தொங்குகிற ஸ்பீக்கர் செடியின் முகத்தைப் பார்த்துப் பேசாது. திட்டுகிறவள் பார்த்துத்தான் திட்டியாக வேண்டும். இலையைத் திருப்பிப் பார்த்தால்தான் அடியில் அப்பியிருக்கிற வெள்ளைப் பூச்சிக்குத் தனியாக ஒரு பாட்டு விட முடியும். மண்ணைக் கிளறினால்தான் பேனா மூடியைக் கண்டு தலையில் அடித்துக்கொள்ள முடியும். காரணம் அதுவோ, பாட்டுதானோ, செடிகள் தேறின. தேறின என்றால் சாதாரணமாக இல்லை. வெளுத்ததெல்லாம் பச்சை பிடித்தது. செத்துவிட்டது என்று ஓரமாகத் தள்ளி வைத்த ஒரு குச்சி, அவள் போகிற போக்கில் விட்ட அரைப் பாட்டுக்கே மூன்று துளிர் விட்டது. ரேடியோவுக்குத் துளியும் சந்தேகமில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டால் யாரும் தேறுவார்கள் என்பது அவள் வாழ்க்கையில் கண்ட உண்மை.

மாப்பிள்ளை காலையில் சீக்கிரம் எழுகிற ஜாதியில்லை. ஒரே ஒரு நாள் அதிசயமாக அந்த நேரத்துக்கு வந்து, மூடிய கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். பம்பு இரைச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை. அவள் வாய் அகலத் திறந்து மூடுவதும், கழுத்து நரம்பு புடைப்பதும், கை காற்றில் எழும்பித் தொடையில் பட்டுப் பட்டென்று விழுவதும் மட்டும் தெரிந்தது. தாளம் தப்பாமல் விழுந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் வெளியே வந்ததும் பயபக்தியோடு கேட்டார், "எந்தக் கட்டையிலக்கா ஆரம்பிக்கறீங்க?"

"சேச்சே, கட்டையெல்லாம் எடுக்கறதில்லைங்க. வாயாலதான்."

சுருதிப் பெட்டி இல்லாமலே என்று மாப்பிள்ளை மனதில் குறித்துக்கொண்டார். ஸ்வரமெல்லாம் எப்படி என்று கேட்டார். சுரம் வந்தாற்போலத் துவண்டு கிடக்கிறதே, அதற்கெல்லாம் கொஞ்சம் கூடுதலாகவே விடுகிறேன் என்று அவள் சொன்னாள். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவருக்கு மரியாதை கூடிப் பிரிந்தார்கள். அடுத்த வாரமே தொட்டிகளில் 'இசை கேட்டு வளர்ந்த செடி' என்று அச்சடித்து ஒட்டினார் மாப்பிள்ளை. ரேடியோ அதைப் படித்துவிட்டு, இவர் இன்னும் அந்த ஸ்பீக்கரை நினைத்து மறுகுகிறார் போலிருக்கிறது என்று இரக்கப்பட்டாள்.

இதில் அடி வாங்கியவர் தராசுக்காரர். முன்பாவது அவள் வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தாள், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் கட்டு அவிழும் என்று அவர் காத்திருக்க முடிந்தது. இப்போது அத்தனையையும் காலையிலேயே செடிகளிடம் கொட்டிவிட்டு, சாயங்காலம் குளிர்ந்துபோய் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் ஒரு நிறைவு. வாங்க, உட்காருங்க, காபி குடிக்கறீங்களா? ஹோட்டலில் இருப்பதுபோல இருந்தது அவருக்கு. அவர் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டுப் பார்த்தார். அவள் எடுத்துக் கொடியில் போட்டாள். சேற்றுச் செருப்போடு சமையலறைவரை நடந்து பார்த்தார். பரவாயில்லைங்க என்று தரையைத் துடைத்தாள். கடைசியில் வெட்கத்தை விட்டு, நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா என்று கேட்டார். நீங்க தங்கமான மனுஷன் என்று சொல்லிவிட்டு அவள் தூங்கப் போனாள். தங்கம் விடிய விடிய விழித்துக் கிடந்தது.

தன் எடை மாறாதது என்று நம்பியிருந்தாரே, அந்த எடை மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியாது. தராசுமேல் ஏறி நின்றால் முள் குறைத்துக் காட்டியது. ஊரிலிருக்கிற தராசுகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் என்ன கேடு வந்தது என்று வியந்துகொண்டே அவர் ஒவ்வொன்றாகத் திருகி ஏற்றி வைத்தார். அவர் இளைக்க இளைக்க ஊரில் வெங்காயம் கனத்தது, மாவு கனத்தது, சிமெண்ட் கனத்தது. முழு எடைக்குக் காசு கொடுத்துவிட்டு, பை லேசாக இருக்கிறதே என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். ஒரு கிடங்குக்காரர் ஆளை வைத்துச் சரிபார்த்துவிட்டு, உங்கள் கை பட்ட தராசு எல்லாமே கூட்டிக் காட்டுகிறது என்று தராசுக்காரரைப் பிடித்து உலுக்கினார். அதுவே ஒரு நல்ல திட்டுதான். ஆனால் வேற்று மனிதர் திட்டினால் அவருக்கு என்ன ஒட்டும்?

வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கடியில் தூசி படிந்து கிடந்த படிக்கற்களை இழுத்து எடுத்தார். தன்னிடமிருந்த தராசில் அவற்றை வைத்துச் சரிபார்த்தார். தராசு சுத்தம். பிறகு தான் ஏறி நின்றார். முள்ளைப் பார்த்தார், இறங்கினார், மறுபடியும் ஏறினார். கோளாறு தராசில் இல்லை, தன்னிடம்தான் என்று அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. நாம் வாடிப்போய்விட்டோம் என்று தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். அதே வார்த்தையை அவர் வேறெங்கோ கேட்டிருந்தார். வாடிக் கிடந்த செடியெல்லாம் இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா என்று ரேடியோ தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள், எப்படித் தேறியது என்பதையும் சேர்த்து. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவர் போன நேரம் கூடத்தில் அல்லோலகல்லோலமாக இருந்தது. இசை கேட்டு வளர்ந்த செடியைப் பற்றிக் கேள்விப்பட்டு, பெரிய அலுவலகத்திலிருந்து நேரில் பார்க்க வருகிறார்கள். எல்லா மாடிக்கும் செடி எடுக்கப் போகிறார்களாம். வருவது வேறு யாருமில்லை, அந்தக் காபி அதிகாரியம்மாதான். முதலாளி வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு ஒரு கவலையும் இல்லை. காலையில் விடுகிற அதே பாட்டை அவர்கள் முன்னால் விட்டால் போதும் என்று ரேடியோவிடம் சொல்லியிருந்தார். செடிக்குத்தானே என்று அவள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். செடிக்குத்தான் என்று முதலாளியும் தலையாட்டினார். இருந்த பதற்றத்தில் அவருக்கும் ஒன்றும் புரிந்திருக்கவில்லை.

பின்பக்கம் செடி இறக்குகிற வாசல் வழியாக வந்த தராசுக்காரரை, உரம் நிறுக்கிற தராசைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து டிரைவர் உள்ளே விட்டுவிட்டார். ஆஸ்பத்திரி அறையில் செடிகள் வரிசையாக நின்றன. வரிசையின் கடைசியில், ஒரு பனைச்செடிக்குப் பக்கத்தில், ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. அவர் போய் அதில் நின்றார். கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டார். நியாயமாகத் தன் முறை வரும்வரை காத்திருக்கலாம் என்பது அவர் எண்ணம்.

எல்லோரும் உள்ளே வந்தார்கள். பம்பை நிறுத்தியிருந்தார்கள். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, தலையை லேசாக ஆட்டத் தயாராக நின்றார். ரேடியோ முந்தானையைச் செருகிக்கொண்டாள். முதல் செடி, அந்த அம்மாவின் மேல்மாடியிலிருந்து வந்த ரப்பர் செடிதான்.

"வெக்கமா இல்ல உனக்கு? ஒருத்தி காபி ஊத்தினா வேண்டாம்னு சொல்லத் தெரியாது? உன்னை ஒரு மூலையில நிறுத்தி வெச்சுட்டு, வர்றவன் போறவன் எல்லாம் உன்மேல கோட்டை மாட்டிட்டுப் போறான். இருக்கியா செத்தியான்னு ஒரு நாய் கேக்கல. நீயும் தினமும் நிமிந்து நிமிந்து நின்னு காட்டினே. யாருக்குக் காட்டினே? யாரு பாத்தாங்க?"

மாப்பிள்ளை கண்ணைத் திறந்தார். அதிகாரியம்மா அசையவில்லை. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். ரேடியோ ஒவ்வொரு செடியாக நகர்ந்தாள். முதலாளி மட்டும் விரலை மடக்கி, இதுவரை மனுஷன் யாரும் இல்லை, இதுவரை மனுஷன் யாரும் இல்லை என்று மனதுக்குள் ஜபித்துக்கொண்டே பின்னால் வந்தார். பனைச்செடியும் முடிந்தது. அதற்கு அடுத்தது அவள் கணவர்.

அவள் திகைத்து நின்றாள்.

"எனக்கும் ஒண்ணு விடேன்" என்றார் தராசுக்காரர்.

அவள் திரும்பி முதலாளியைப் பார்த்தாள். முதலாளி வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். யோசிக்க மாட்டேன் என்று சொன்னவர் அவர், சொன்னால் செய்கிறவர். பரவாயில்லைங்க, வீட்டுக்குப் போங்க, சாயங்காலம் பேசிக்கலாம் என்று மெதுவாகச் சொல்லி அனுப்பினால் வேலை பிழைக்கும். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பிறகு இலையைத் திருப்பிப் பார்க்கிற பழக்கத்தில், அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கழுத்தைச் சுற்றி இன்னொரு கழுத்து நுழைகிற அளவுக்கு இடமிருந்தது. இவ்வளவு நாள் கூடவே இருந்தும் அவள் அதைப் பார்த்திருக்கவில்லை.

"பட்டனை ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டுக்கிட்டு ஊர் முழுக்க நடந்து வந்திருக்கீங்களே, ஒருத்தராவது சொன்னாங்களா? சொல்ல மாட்டாங்க. அவங்களுக்கு என்ன தலையெழுத்து? நான்தான் சொல்லணும். இது என்ன கழுத்தா, தொட்டியில நட்ட குச்சியா? சோறு போட்டேனே தினமும், எங்க போச்சு அது? ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? திட்டு வேணும்னா வாயைத் திறந்து கேக்க மாட்டீங்களா? இப்படியா வந்து தொட்டிங்களோட தொட்டியா நிப்பாங்க? நான் ஒரு கூறு கெட்டவ, கண்ட செடியோட இலையையெல்லாம் துடைச்சுட்டு, வீட்ல இருக்கறதை வாட விட்டுட்டேன். அதுக்காக நீங்களும் வாடுவீங்களா? ஒரு மனுஷனுக்கு இவ்வளவா மரியாதை குடுப்பாங்க, குடுத்தா வாங்கிக்கிட்டு சும்மா இருப்பீங்களா?"

இன்னும் போனது. அவள் அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே பட்டனைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். தராசுக்காரரின் காது நுனி சிவந்தது. கன்னத்தில் ஏதோ ஓடியது. வளைந்திருந்த முதுகு மெல்ல மெல்ல நிமிர்ந்ததை அறையிலிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர், "அப்புறம்?" என்றார்.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கஸ்டமர் பக்கத்தில் நிற்கிறாரே.

"ரேடியோ, நான் அப்பவே சொல்லியிருந்தேன்."

"தெரியும்ங்க. நாளையிலிருந்து வரல" என்றாள் அவள். இடுப்பிலிருந்த கத்தரியை எடுத்துப் பனைச்செடித் தொட்டியின் விளிம்பில் வைத்தாள். அந்த அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். பிறகு தராசுக்காரரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

அதிகாரியம்மா அவர்கள் பின்னாலேயே நாலு எட்டு வந்தார். தராசுக்காரரின் சிவந்த காதையும், சரியாகப் பூட்டிய பட்டன்களையும் வெகு நேரம் பார்த்தார். கேலி இல்லாத குரலில் கேட்டார், "இதை வாடகைக்குக் குடுப்பீங்களா?"

ரேடியோ கணவரின் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

"இது வீட்டோடதுங்க" என்றாள். "வெளிய விடறதில்ல."